தேங்க்ஸ்கிவிங்: யாருக்கு நன்றி? சின்னப் பிள்ளைகளுக்கு வரைபடம், கைவேலை, பாட்டு வழியே சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் வந்துவிட்டால், நன்றி சொல்லி வான்கோழி விருந்து வைக்கும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்காக அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கக் காகித வான்கோழிதான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வருஷம் அவர்களிடம் தேங்க்ஸ்கிவிங்குக்கு நன்றி சொல்லச் சொன்னேன். ஆறு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, "என் பொம்மைக்கு நன்றி, பீட்ஸாவுக்கு நன்றி" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியதை அப்படியே தமிழில் எடுத்து வைத்திருக்கிறாள். தமிழில் கேட்டால் பொம்மையைக் கும்பிட்டு நன்றி சொன்ன மாதிரி இருந்தது.

"பொம்மையை யார் வாங்கித் தந்தா?" என்று கேட்டேன். "பாட்டி." "அப்போ யாருக்கு நன்றி?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொம்மை வாங்கித் தந்ததுக்குப் பாட்டிக்கு நன்றி" என்றாள்.

தேங்க்ஸ்கிவிங் பாடம் முழுவதையும் இந்த 'யாருக்கு' என்ற ஒரு கேள்வியில் கட்டிவிடலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது. அதிலிருந்து நான் செய்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம்: முதலில் வரைபடம், அப்புறம் கதை, பிறகு கைவேலை, கடைசியில் பாட்டு. கைவேலையில் தொடங்கினால் பிள்ளைகளுக்குப் பசையும் கத்தரிக்கோலும்தான் ஞாபகம் இருக்கும்.

படி 1: முதலில் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

1620 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து மேஃப்ளவர் கப்பல் 102 பயணிகளோடு கிளம்பி, 66 நாள் கடலில் மிதந்து, நவம்பரில் அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள கேப் காட் முனையை அடைந்தது. அது வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களின் நாடு. கிழக்குக் கரையில் சூரியனை முதலில் பார்ப்பவர்கள் என்பதால் 'முதல் வெளிச்சத்து மக்கள்' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள்.

மிச்சமிருந்தவர்கள் குடியேறிய இடம் காலி நிலம் இல்லை. பட்டக்செட் என்ற வாம்பனோவாக் ஊர் அது. 1616 முதல் 1619 வரை பரவிய ஒரு கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்திருந்தது. அந்த ஊர்க்காரரான டிஸ்குவாண்டம்தான் வந்தவர்களுக்கு மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுத்தவர். 1621 மார்ச்சில் வாம்பனோவாக் தலைவர் ஊசமெகுவின் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். புத்தகங்களில் மாசசாய்ட் என்ற பட்டப்பெயரில் வருபவர் இவர்தான்.

அந்த வருஷ இலையுதிர்காலத்தில் அறுவடை விருந்து மூன்று நாள் நடந்தது. முதல் தேங்க்ஸ்கிவிங் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இதைப் பற்றி அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் சில வரிகள் இருக்கின்றன. தலைவரோடு சுமார் தொண்ணூறு பேர் வந்தார்கள், ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்கிறார். இங்கிலாந்துக்காரர்களோ ஐம்பது பேர் அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். வந்தவர்கள் தொண்ணூறு, வீட்டுக்காரர்கள் ஐம்பது. இந்தக் கணக்கை ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், 'அப்போ யார் யாருக்கு விருந்து வச்சா?' என்று அவர்களே கேட்பார்கள்.

வின்ஸ்லோ பறவை வேட்டையைச் சொல்கிறார், வான்கோழி என்று பெயர் சொல்லவில்லை. உருளைக்கிழங்கும் கோதுமை மாவில் செய்த பூசணி 'பை' (pie) என்ற பண்டமும் அன்றைக்கு இருந்திருக்க வழியில்லை.

படி 2: தரையில் ஒரு கடல்

பழைய நீலப் போர்வை ஒன்றைத் தரையில் விரியுங்கள். அதுதான் அட்லாண்டிக். இரண்டு பக்கமும் பழுப்பு சார்ட் பேப்பர் வையுங்கள். கிழக்கே இங்கிலாந்தும் ஸ்பெயினும், மேற்கே மாசசூசெட்ஸ் கரை. கேப் காட் கையை மடக்கி முஷ்டி பிடித்த மாதிரி இருக்கும். பிள்ளைகளை அப்படியே கையை மடக்கச் சொன்னால் அந்த வடிவத்தை மறக்கவே மாட்டார்கள்.

இங்கே ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கப்பலை எடுப்பதற்கு முன்னால் மேற்குக் கரையை நிரப்புங்கள். வீடு, சோளக் கொல்லை, ஓடை, மீன், படகு, பிள்ளைகள் எல்லாவற்றையும் வரைந்து வெட்டி வையுங்கள். ஆட்கள் வாழ்கிற இடத்துக்குத்தான் கப்பல் வருகிறது என்பது கண்ணில் பட வேண்டும். கப்பலில் தொடங்கினால் கரையில் இருந்தவர்கள் கதையின் நடுவில் எங்கிருந்தோ வந்து நிற்பது போல ஆகிவிடும்.

அப்புறம் கப்பல். 66 மொச்சைக் கொட்டைகளை எண்ணி, இங்கிலாந்திலிருந்து கேப் காட் வரை கடல்மேல் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு கொட்டை ஒரு நாள். நாற்பதைத் தாண்டும்போது சின்னவர்கள் "இன்னும் வரலையா?" என்பார்கள். அந்தச் சலிப்பே பாடம், அவசரப்படுத்தாதீர்கள். (மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் கொட்டை வேண்டாம், ஸ்டிக்கர் போதும். மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.) நடுக்கடலில் ஒரு பாப்பா பிறந்தது, பெருங்கடலில் பிறந்ததால் ஓஷியானஸ் என்றே பெயர் வைத்தார்கள் என்று சொல்லுங்கள். பாதி வழியில் ஒரு கொட்டைக்குப் பக்கத்தில் சின்னத் தொட்டில் வரைந்து வைத்தால் போதும், எங்கள் வகுப்பில் அடுத்த வாரமும் எல்லோரும் அந்தப் பாப்பாவைத்தான் விசாரித்தார்கள்.

சரி, இப்போது சிவப்பு நூல். இது டிஸ்குவாண்டத்தின் வழி. 1614-இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்தலைவன் அவரையும் வேறு பலரையும் ஏமாற்றிக் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினின் மலாகாவில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து அவர் எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்தார், அங்கே ஆங்கிலம் கற்றார், 1619-இல் ஊர் திரும்பினார். நூலை பட்டக்செட்டிலிருந்து மலாகாவுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும், திரும்ப பட்டக்செட்டுக்கும் பிள்ளைகளையே இழுக்கச் சொல்லுங்கள். கடைசி முனையை ஒட்டும்போது, "வந்து பார்த்தால் ஊரில் யாருமே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

போன வருஷம் அந்த இடத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் நூலைக் கையில் பிடித்தபடியே, "அவங்க அம்மா?" என்று கேட்டான். நோய் வந்து எல்லோரும் போய்விட்டார்கள் என்றேன். அவன் நூலை ஒட்டாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தான். வற்புறுத்தவில்லை. தன் வீட்டை இழந்த ஒருவர், அதே இடத்தில் வந்து உட்கார்ந்த வேற்றாட்களுக்கு விதைக்கச் சொல்லித்தந்தார் என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட ஆழமாகவே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏழு எட்டு வயதினருக்கு இன்னொரு விளையாட்டு உண்டு: வான்கோழியின் பெயர் எந்த ஊர்? இதற்கு உலக வரைபடம் வேண்டும். ஆங்கிலத்தில் அந்தப் பறவைக்குத் துருக்கி நாட்டின் பெயர். துருக்கிக்காரர்களோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள், அதாவது இந்தியாவினுடையது. பிரெஞ்சிலும் இந்தியாவிலிருந்து வந்தது என்ற பொருளில்தான் சொல். போர்ச்சுகீசியத்தில் 'பெரு'. மலாயில் 'டச்சுக் கோழி'. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பறவை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் அதன் உண்மையான ஊரான வட அமெரிக்காவில் பெரிய ஸ்டிக்கராக ஒட்டுங்கள். எல்லோரும் பக்கத்து வீட்டைக் கை காட்டியிருக்கிறார்கள்!

இதோடு சேர்த்து நம் சமையலறையையும் காட்டலாம். பரங்கிக்காய் என்ற பெயரிலேயே பரங்கியர் கொண்டுவந்தது என்ற செய்தி இருக்கிறது. மிளகாய், மக்காச்சோளம், பரங்கிக்காய், தக்காளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகள் பயிராக்கியவை. சாம்பாரில் மிதக்கும் பரங்கித் துண்டுக்கும் 'யாருக்கு நன்றி' என்று கேட்கலாம்.

படி 3: கதையை வயதுக்கு ஏற்றபடி சொல்வது

நான்கைந்து வயதுக்கு: பசியோடு வந்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் பயிர் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள், அறுவடை நன்றாக வந்தது, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். இவ்வளவு போதும். இதில் பொய் எதுவும் இல்லை.

ஆறு வயது தாண்டியவர்களுக்குச் சோளக் குழியின் கதையைச் சொல்லலாம். கேப் காடில் இறங்கியதும் கப்பல்காரர்கள், வாம்பனோவாக் மக்கள் மண்ணுக்குள் சேமித்து வைத்திருந்த சோளத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். பின்னால் அதற்கு ஈடு கொடுத்ததாக அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். 'கேட்காமல் எடுக்கக் கூடாது' என்பது தினமும் வீட்டில் கேட்கிற பேச்சு என்பதால், பிள்ளைகளுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. பசித்தால் எடுக்கலாமா என்று ஒரு சண்டை வரும். வரட்டும்.

எட்டு வயதுக்கு: ஐம்பத்தைந்து வருஷங்களுக்குள் இந்த இரண்டு கூட்டத்தாரின் பிள்ளைகளுக்கிடையே பெரிய போர் மூண்டது, வாம்பனோவாக் மக்கள் நிலத்தை இழந்தார்கள், பலர் உயிரையும் இழந்தார்கள். 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும், பட்டக்செட் இருந்த இடத்தில் இன்றிருக்கும் மாசசூசெட்ஸ் பிளிமத்தில் பூர்வகுடி மக்கள் கூடி அதைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். இதையும் சொல்ல வேண்டும். ஒரே வியாழக்கிழமை ஒரு வீட்டில் விருந்தாகவும் இன்னொரு வீட்டில் துக்கமாகவும் இருக்கலாம் என்பது எட்டு வயதுக்குப் புரியும்.

எந்த வயதானாலும் வாம்பனோவாக் மக்களைப் பற்றி 'இருந்தார்கள்' என்று மட்டும் முடிக்காதீர்கள். மாஷ்பீயிலும், மார்த்தாஸ் வின்யார்டு தீவிலுள்ள அக்குவினாவிலும் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ் வகுப்புக்குச் சிணுங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அவர்களுடைய மொழியைத் தாய்மொழியாகப் பேச நூறு வருஷத்துக்கு மேல் ஒருவருமே இல்லாமல் இருந்தது. 1990-களில் ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்ட் என்ற வாம்பனோவாக் பெண்மணி, 1663-இல் அந்த மொழியில் அச்சான பைபிளையும் பழைய பத்திரங்களையும் வைத்துக்கொண்டு மொழியை மீட்கத் தொடங்கினார். அவர் மகள் அந்த மொழியைப் பிறந்ததிலிருந்தே பேசி வளர்ந்தாள். இதைச் சொன்ன அன்று ஒரு பையன், "அந்தப் பாப்பா யாரோட பேசும்?" என்று கேட்டான். "முதல்ல அம்மாவோட" என்றேன்.

படி 4: கைவேலை

இறகு வைத்த காகிதத் தலைப்பட்டை செய்ய வேண்டாம். அந்தப் பெரிய இறகுக் கிரீடம் தூரத்துச் சமவெளிப் பழங்குடிகளுடையது. அதுவும் அங்கே மரியாதைக்குரியவர்கள் மட்டும் அணிவது. கூம்புக் கூடாரமும் அப்படித்தான், வாம்பனோவாக் வீடு வேறு. என் பிள்ளை முதல் வருஷம் பள்ளியிலிருந்து அந்தத் தலைப்பட்டையோடு ஓடி வந்தபோது நானும் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். தெரியாமல் செய்தது. தெரிந்த பிறகு செய்ய மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாக அவர்களுடைய வீட்டைச் செய்யலாம். அதன் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் குதிப்பார்கள்: 'வீட்டு'! நம் வீட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. இளமரக் கம்புகளை வளைத்துக் கட்டி, மேலே மரப்பட்டையோ கோரைப் பாயோ போர்த்திய குவிமாடம் அது.

ஒரு மளிகைக்கடைக் காகிதப் பை, 9 அங்குலக் காகிதத் தட்டு, ஸ்டேப்ளர், பசை போதும். பையிலிருந்து ஒரு அங்குல அகலம், 14 அங்குல நீளத்தில் நான்கு பட்டைகள் வெட்டுங்கள். இரண்டை இணையாக, நடுவில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுத் தட்டின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு வில்லாக வளைத்து ஸ்டேப்ளர் போடுங்கள். மற்ற இரண்டையும் அதே மாதிரி குறுக்கே. உச்சியில் ஒரு சதுர ஓட்டை தானாக விழும். அது அடுப்புப் புகை போகும் வழி, அதை மூடக் கூடாது. மிச்சமிருக்கும் பழுப்புக் காகிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கசக்கச் சொல்லுங்கள். கசக்கி, பிரித்து, திரும்பக் கசக்கி, ஐந்தாறு தடவை செய்தால் காகிதத்தின் மொடமொடப்பு போய்ப் பழைய துணி மாதிரி துவண்டுவிடும், சுருக்கமெல்லாம் மரப்பட்டையின் வரி போலத் தெரியும். அதைக் கையாலேயே கிழித்து, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டட்டும். ஓடு வேய்வதைப் போல, மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் படிந்தால்தான் மழைத்தண்ணீர் உள்ளே வராது. ஒருபக்கம் வாசல் விடுங்கள்.

மக்காச்சோளக் கதிர் செய்வது சுலபம். கதிர் வடிவத்தில் அட்டை, அதில் விரல் நுனியால் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்புச் சாயப் பொட்டுகள். அவர்கள் விளைவித்த சோளம் பல நிறம் கொண்டது, கடையில் கிடைக்கும் வெறும் மஞ்சள் இல்லை. சோளம், அவரைக்கொடி, பரங்கிக்கொடி மூன்றையும் ஒரே மேட்டில் நடுவார்கள் என்பதையும் சொல்லுங்கள். சோளத்தண்டில் அவரை ஏறும், அவரை மண்ணுக்குச் சத்து கொடுக்கும், பரங்கி இலை தரையை மூடி ஈரம் காக்கும். இவற்றை 'மூன்று சகோதரிகள்' என்பார்கள். மூன்று பிள்ளைகளை நிறுத்தி நடிக்கவும் வைக்கலாம்: ஒருவர் நிமிர்ந்து நிற்க, ஒருவர் அவரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் கீழே கையை விரித்து உட்கார. வசந்தத்தில் ஓடையேறி வரும் ஹெர்ரிங் மீனைப் பிடித்து அந்த மேட்டில் எருவாகப் புதைப்பார்கள். மத்தி மாதிரி சின்ன மீன் அது.

கையை வைத்து வரையும் வான்கோழியையும் விட்டுவிட வேண்டியதில்லை, எல்லோருக்கும் பிடித்தது. ஒரே ஒரு மாற்றம்: நான்கு விரல் இறகிலும் பொருளின் பெயர் வேண்டாம், ஆளின் பெயர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பக்கத்து வீட்டுப் பாட்டி, தடுப்பூசி போட்ட நர்ஸ் அக்கா என்று வரும்.

படி 5: பாட்டு

ஆங்கிலப் பள்ளியில் ஒரு சொல்லின் எழுத்துகளை வரிசையாகக் கீழே எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு வரி தொடங்கச் சொல்வார்கள். 'நன்றி' என்ற சொல்லில் அதைச் செய்யப் பார்த்து ஒருமுறை அரைமணி நேரம் போனது. 'ன்' என்றும் 'றி' என்றும் தமிழில் எந்தச் சொல்லும் தொடங்காதே! அப்போதுதான் அந்தாதி ஞாபகம் வந்தது. ஒரு வரி முடிகிற சொல்லில் அடுத்த வரி தொடங்க வேண்டும், கடைசிச் சொல் முதல் சொல்லில் போய் மண்டலித்து நிற்க வேண்டும். 'யாருக்கு நன்றி' என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது. எங்கள் வகுப்புக்காக எழுதியது இது:

தட்டில் இருக்குது சோளம்
சோளம் விளைஞ்சது மண்ணில்
மண்ணுக்கு எருவாய் மீனு
மீனு வந்தது ஆற்றில்
ஆற்றை நிறைச்சது மழையே
மழையைத் தந்தது மேகம்
மேகம் பிறந்தது கடலில்
கடலைக் கடந்தது கப்பல்
கப்பலில் வந்தவர்க்குப் பசி
பசிக்குக் கொடுத்தவர் யாரு?
யாருக்கு நன்றி? அவருக்கு!
அவருக்கும் வைப்போம் தட்டு!

நம் ஊரில் வெறும் சோளம் என்றால் வேறு தானியம். பாட்டில் சுருக்கிப் பாடினாலும், மக்காச்சோளம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் நீங்கள் ஒரு வரி, பிள்ளைகள் அடுத்த வரியின் முதல் சொல்லை மட்டும் சொன்னால் போதும். இரண்டாம் நாள் அவர்களே முழுதும் பாடிவிடுவார்கள். பிறகு பன்னிரண்டு வண்ணக் காகிதத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரி. முதல் துண்டை வளையமாக ஒட்டி, அடுத்ததை அதற்குள் கோத்து ஒட்டிக்கொண்டே போனால் காகிதச் சங்கிலி. பன்னிரண்டாவது வளையம் முதல் வளையத்துக்குள்ளும் நுழைய வேண்டும். அப்படி ஒட்டி முடித்த அன்று ஒரு குட்டி, "பாட்டு முடியவே இல்ல டீச்சர்!" என்று கத்தினாள். அந்தாதிக்கு அதைவிட நல்ல இலக்கணம் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு அவரவர் வீட்டு அந்தாதி. "தட்டில் இருக்குது பாஸ்தா, பாஸ்தா செஞ்சது அப்பா, அப்பாக்குச் சொன்னது பாட்டி" என்று ஐந்து வயதுப் பையன் ஒருவன் எழுதினான். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், சொல் தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஆட்டுக்குட்டியோடு பள்ளிக்குப் போன மேரியின் பாட்டு எல்லோருக்கும் தெரியும். 1830-இல் அதை எழுதி வெளியிட்ட சாரா ஹேல்தான், தேங்க்ஸ்கிவிங்கை நாடு முழுவதும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று பல வருஷங்கள் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தவர். 1863 செப்டம்பரில் லிங்கனுக்கு எழுதினார். அக்டோபர் 3-ஆம் தேதி லிங்கனின் அறிவிப்பு வந்தது. நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941-இல். பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதட்டும், காகித வான்கோழியின் இறகில் இருக்கும் ஒருவருக்கு. நிஜமாகவே தபாலில் போடுங்கள்.

படி 6: எத்தனை நாள், எப்படி

ஒரே மதியத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் என்றால் நான்கு மாலை, ஒவ்வொன்றும் முப்பது நாற்பது நிமிஷம். கடலும் கப்பலும் ஒருநாள், சிவப்பு நூலும் கதையும் ஒருநாள், 'வீட்டு' ஒருநாள், பாட்டுச் சங்கிலி ஒருநாள். நான்கு வயதுக்குக் குறைவான பிள்ளைக்குக் கடலும் சோளக் கதிரும் போதும்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசைக்கு மேலே சங்கிலியைத் தொங்கவிடுங்கள். வான்கோழி வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எங்கள் வீட்டில் பரங்கிக்காய்க் கூட்டும் சோளமும்தான். சாப்பிடத் தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் பாட்டைப் பாடட்டும். கடைசி வரியைப் பாடிவிட்டு நிஜமாகவே இன்னொரு தட்டு எடுத்துவைக்க ஓடுவார்கள், ஒரு தட்டை எட்டும் உயரத்தில் வைத்திருங்கள். அந்தத் தட்டு யாருக்கு என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பெயர் வருகிறது. போன வருஷம் என் மகள் சிவப்பு நூல் சுற்றிய அட்டையைக் கொண்டுவந்து அதில் வைத்தாள்.